பம்பு வீட்டில் சுருட்டிக் கட்டிய ஒயர்: பினாங்கு மாநிலப் பேரிடர் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளம், மண்சரிவு, தண்ணீர் வெட்டு என்று நீங்கள் தயாராகும் இடர்கள் எல்லாம் இந்த மாநிலம் கண்ணால் பார்த்தவை. இதுவரை பார்க்காத ஒன்றுக்கும் தயாராகும்படி கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். வளிமண்டலத்துக்கு மேலே அணு ஏவுகணை ஒன்று வெடித்தால் அதிலிருந்து கிளம்பி மின்கருவிகளைக் கெடுக்கும் மின்காந்தத் துடிப்பைத்தான் சொல்கிறோம்.

“நம் மேல் யார் ஏவுகணை விடப் போகிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1971-இல் கோலாலம்பூரில் கையெழுத்தான அமைதி மண்டலப் பிரகடனம் தொடங்கி, 2020-இல் அணுவாயுதத் தடை உடன்படிக்கையை உறுதிப்படுத்தியது வரை, வல்லரசுச் சண்டையிலிருந்து ஒதுங்கி நிற்கவே மலேசியா முயன்று வந்திருக்கிறது. ஆனால் இந்தத் துடிப்பு நம்மைக் குறிவைத்து வர வேண்டியதில்லை. வெடித்த புள்ளியிலிருந்து நேர்ப்பார்வையில் தெரியும் நிலம் முழுவதும் அதன் வீச்சுக்குள் வரும். 100 கி.மீ. உயரத்தில் வெடித்தால் நாலாபக்கமும் சுமார் 1,100 கி.மீ., 400 கி.மீ. உயரத்தில் என்றால் சுமார் 2,200 கி.மீ. தென் சீனக் கடலின் நடுவில் வேறு இரு நாடுகள் மோதிக்கொண்டாலும் பினாங்கு அந்த வட்டத்துக்குள் சிக்கலாம்.

இது வெறும் கணக்கல்ல. 1962 ஜூலையில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஏறத்தாழ 1,400 கி.மீ. தள்ளி இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அடித்தன. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேல் செய்த சோதனையில், கண்காணிப்பில் இருந்த 570 கி.மீ. தொலைபேசிக் கம்பியின் ஃபியூஸ்கள் எரிந்துபோயின. அன்றைய கருவிகளில் இருந்தவை பெரும்பாலும் பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்த கண்ணாடி வால்வும் ரிலேயும். இன்று ஒரு தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்க்கக்கூட சிப் வைத்திருக்கிறோம்.

வானிலேயே அடித்து வீழ்த்தினால் என்ன? அக்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் வான்காப்புத் தலைமையகம் இருக்கிறது. நம் ராணுவத்திடம் தோளில் வைத்து விடும் ஸ்டார்ஸ்ட்ரீக் இருக்கிறது, அது சுமார் 7 கி.மீ. போகும். இவை தாழப் பறக்கும் விமானத்துக்கு. அமெரிக்காவின் தாட் ஏவுகணைகூட சுமார் 150 கி.மீ. உயரத்தோடு நின்றுவிடும். எனவே மாநிலத்தின் கையில் இருக்கும் வேலை முழுவதும் தரையில்தான் இருக்கிறது.

துடிப்பு மூன்று கட்டமாக வரும். முதல் கட்டம் இ-1. இதற்கான பன்னாட்டுத் தரநிலை மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை, 2.5 நானோ வினாடியில் எழும் அலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்கிறது. சிப்பைக் கொல்வது இதுதான். இரண்டாவது, மின்னலைப் போன்றது. மூன்றாவது நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் நீடித்து, நீண்ட மின்தடங்களில் நேர்மின்னோட்டம் போல ஓடி, பெரிய டிரான்ஸ்பார்மர்களைச் சூடாக்கும். தீபகற்பம் நெடுக ஓடும் 275, 500 கிலோவோல்ட் தடங்களுக்கு அந்த மூன்றாவது கட்டம் தேசிய அளவிலான கவலை. 1989 மார்ச்சில் கியூபெக்கைச் சுமார் 9 மணி நேரம் இருட்டில் தள்ளிய சூரியப் புயல் அதே வகைதான். நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியப் புயலின் கடுமை இங்கே குறைவு. இ-1-இன் உச்சமும் வடநாடுகளில் இருப்பதைவிடச் சற்றுக் குறையலாம். அப்படிக் குறைந்தாலும் சிப்புக்கு அது எமன்தான். ஆகவே மாநிலம் இ-1-இல் தொடங்கட்டும் என்பது எங்கள் முடிவு. அதிலும் தண்ணீரில் தொடங்கட்டும்.

தீவின் நிலைமை உங்களுக்குத் தெரியும். சுங்கை மூடாவில் எடுக்கும் நீர் சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாக இங்கே வருகிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றும் வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தியபோது, முன்கூட்டியே அறிவித்தும், லாரிகள் ஓடியும், ஊர் பட்ட பாட்டைப் பார்த்தோம். அறிவிப்பும் இல்லை, தொலைபேசியும் இல்லை, லாரிக்கு டீசல் ஊற்ற பெட்ரோல் நிலையத்தில் மின்சாரமும் இல்லை என்றால்? தைப்பூசத்துக்கு வீதி நெடுகப் பந்தல் போட்டுத் தண்ணீரும் மோரும் வார்க்கும் ஊர் இது. பந்தல்காரர்களும் குழாயைத் திறந்துதான் அண்டாவை நிரப்ப வேண்டும்.

இப்போது ஒரு பம்பு வீட்டின் கதவைத் திறப்போம். கட்டுப்பாட்டுப் பெட்டியில், திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்கு இறக்கிவிடும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கும். மின்னலுக்குப் பேர்போன நாடாயிற்றே, அது இல்லாத பெட்டி அரிது. அதிலிருந்து எர்த்துக்குப் போகும் மஞ்சள்-பச்சை ஒயரைப் பாருங்கள். பல இடங்களில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் மிச்ச ஒயரை வெட்டாமல் வட்டமாகச் சுருட்டி, கேபிள் டை போட்டு அழகாகக் கட்டியிருப்பார்கள். அந்தச் சுருளே அரெஸ்டரைப் பயனற்றதாக்குகிறது. நேராக ஓடும் ஒயருக்கே மீட்டருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டம், அதாவது மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. அப்படிப்பட்ட ஒரு மீட்டர் ஒயரில் 100 ஆம்பியர் 10 நானோ வினாடியில் எழுந்தால் ஒயரின் இரு முனைக்கு இடையே 10,000 வோல்ட் நிற்கும். அரெஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், ஆனாலும் பக்கத்தில் இருக்கும் பிஎல்சி, அதாவது பம்பை இயக்கும் சிறு கணினி, செத்துப்போகும். ஒயரை 10 சென்டிமீட்டருக்குள் வெட்டி, உருண்டை ஒயருக்குப் பதில் தட்டையான செம்புப் பட்டை போட்டால் அந்த வோல்ட் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஒரு வயர்மேனுக்கு அரைமணி நேர வேலை. இதே திருத்தம் ஒவ்வொரு நாளும் விழும் மின்னலுக்கும் உதவும்.

அடுத்து, எல்லோரும் மறப்பது சென்சார் ஒயர். மின்சாரம் வரும் ஒயருக்குக் காப்புப் போடுவார்கள். மேட்டில் இருக்கும் தொட்டியிலிருந்து பம்பு வீட்டுக்கு நீர்மட்ட அளவைக் கொண்டுவரும் 4-20 மில்லியாம்பியர் சமிக்ஞை ஒயரை அப்படியே விட்டுவிடுவார்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்தில் வெட்டவெளியில் கிடக்கும் அந்த ஒயர் துடிப்பைப் பிடித்துத் தரும் ஆன்டெனா. அதை, மின்சாரத்துக்குப் பதில் ஒளியில் செய்தி அனுப்பும் ஃபைபராக மாற்ற வேண்டும். வாங்கும்போது உள்ளே எஃகுக் கம்பி இல்லாத ஃபைபர் என்று டெண்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் எஃகுக் கம்பி வைத்ததுதான் வரும், அந்தக் கம்பியும் ஆன்டெனாதான்.

பெரிய நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குத் துடிப்பு நுழையாத கவச அறை வேண்டும். ஆறு பக்கமும் பற்றவைத்த எஃகுத் தகடு, உள்ளே வரும் எல்லா ஒயரும் ஒரே சுவரில் ஒரே இடத்தில், அங்கேயே அரெஸ்டரும் ஃபில்டரும். காற்றுக்குத் தேன்கூட்டு வடிவ உலோகத் தட்டி. ஃபைபர் நுழைய 10 சென்டிமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள உலோகக் குழாய், நீளம் விட்டத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு. இந்த அறைகள் கட்டிய அன்று தேர்வில் தேறும், பிறகுதான் கெடும். யாராவது ஒருவர் சிசிடிவிக்காக அந்தக் குழாய் வழியே செம்பு ஒயர் இழுப்பார், அந்த நிமிடமே கவசம் போச்சு. பெயின்ட் அடிக்க வருபவர் கதவு விளிம்பில் இருக்கும் பளபளப்பான ஸ்பிரிங் பட்டைக்கும் சேர்த்து அடித்துவிடுவார். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, கதவு மூடியும் திறந்தது போலத்தான். நம் கடற்காற்றில் அந்தப் பட்டை தானாகவே கறுத்துப் போவதும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைப்பதும் ஆண்டுக்கு ஒருமுறை கவசத்தின் திறனை அளப்பதும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

கையால் இயக்கும் வழியும் வேண்டும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி, அதை மெல்லத் தொடக்கிவைக்கும் சாஃப்ட் ஸ்டார்டர் என்ற இரண்டு எலக்ட்ரானிக் கருவிகளும் முதலில் போகிறவை. பொத்தானை அமுக்கி ஓட்டும் பழைய ஸ்டார்-டெல்டா பெட்டி பெரும்பாலும் தப்பிக்கும். பம்பின் அளவு இடம் கொடுத்தால் அதை மாற்று வழியாகப் பக்கத்திலேயே வையுங்கள். மோட்டார் வால்வுகளுக்குக் கைச்சக்கரம் உண்டு, ஆனால் சுற்றாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுதாகத் திறந்து மூடி, எத்தனை சுற்று என்பதை வால்வின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆயர் ஈத்தாம், தெலுக் பகாங் அணைகள் தீவிலேயே இருப்பது நமக்குக் கிடைத்த பேறு. மேட்டிலிருந்து பம்பு இல்லாமல் எந்தெந்தப் பகுதிக்கு நீர் இறங்கும் என்ற வரைபடம் காகிதத்தில் அச்சாகி, பணியாளர் கையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனை ஜெனரேட்டர்களில் என்ஜின் பிழைக்கும், அதன் மேல் இருக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரும், மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏவிஆரும் போகும். இரண்டிலும் ஒவ்வொரு மாற்று, மூடி முழுவதும் உலோகத்தோடு உலோகம் படும் எஃகுப் பெட்டியில், உள்ளே அட்டை சுற்றி வைக்கப்படட்டும். 400 கிலோவாட் சுமைக்கு மணிக்குச் சுமார் 100 லிட்டர் டீசல் வேண்டும். 72 மணி நேரத்துக்கு 7,200 லிட்டர். நிலத்தடித் தொட்டியிலிருந்து அதை மேலேற்றும் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதுதான், ஒரு கைப்பம்பு இல்லையென்றால் டீசல் இருந்தும் ஜெனரேட்டர் நிற்கும்.

தொடர்புக்குச் செயற்கைக்கோளை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1962 வெடிப்பு விண்ணில் விட்டுச்சென்ற கதிர்வீச்சு டெல்ஸ்டார் உட்படச் சில செயற்கைக்கோள்களைக் கெடுத்தது. ஆன்டெனா கழற்றி எஃகுப் பெட்டியில் வைத்த விஎச்எஃப் வாக்கி-டாக்கிகள், கோபுரத்தின் துணையின்றி நேரடியாகப் பேசும் ஒரு குறித்த அலைவரிசை, மாதம் ஒருமுறை சோதனை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பெட்டி போதும்.

நாங்கள் கேட்பது மூன்று. அடுத்த வரவுசெலவுக்கு முன் ஒரே ஒரு பம்பு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து எர்த் ஒயர், சென்சார் ஒயர், கைச்சக்கரம் மூன்றையும் சரிபார்த்து, கண்டதை வெளியிடுங்கள். இனிக் கட்டும் நீர், மருத்துவக் கட்டடங்களின் டெண்டரில் இ-1 காப்பைச் சேருங்கள், கட்டி முடித்த பிறகு செய்தால் செலவு பல மடங்காகும். ஆண்டுக்கு ஒரு நாள், எல்லாத் திரைகளையும் அணைத்துவிட்டு, கையால் மட்டுமே ஒரு பகுதிக்குத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அந்த ஒத்திகைக்கு ஸ்பானரோடும் மீட்டரோடும் வரத் தயாராக இருக்கிறோம், நாள் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கில் மின்சாரம், பம்பு, வானொலி வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர்