தடுப்பூசி வந்தது, தகவல்தான் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்றுக்கு உலகம் தயாராக இருக்கிறதா என்று சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஆய்வுக்கூடங்கள், புதிய தடுப்பூசி நுட்பங்கள் எல்லாவற்றையும் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த ஊசி எங்கே கிடைக்கும், யாருக்குப் போடுவார்கள் என்று சாதாரண மனிதர் எப்படித் தெரிந்துகொள்வது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொரோனா காலத்தில் எங்கள் குடும்பம் திண்டாடியது அந்த இடத்தில்தான்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ஃபைசர் தடுப்பூசியை அவசரகாலப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பத்து மாதம்கூட ஆகவில்லை. விஞ்ஞானிகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அப்புறம் கொரோனா தடுப்பூசி நாங்கள் இருக்கும் பகுதிக்கும் வந்தது. என் அப்பாவுக்கு அதைப் போட மூன்று முறை அலைந்தோம்.

அப்பாவுக்கு அப்போது 74 வயது, முழங்கால் வலி வேறு. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்து விடியற்காலையில் ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். வரிசை நகர்ந்து வாசல் அருகே போன பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. நோட்டிலிருந்து கிழித்த தாள். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தார்கள். ‘இன்று இரண்டாம் டோஸ் மட்டும்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். எங்களுக்கு வந்த பட்டியலில் தேதியே இல்லை என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். அது எந்த வாரத்துப் பட்டியலோ! இரண்டாவது முறை வேறு மையத்துக்குப் போனோம். நாங்கள் போவதற்குள் டோக்கன் தீர்ந்துவிட்டது.

அங்கிருந்த செவிலியர் அப்பாவின் நிலையைப் பார்த்து என் எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. “குப்பி திறந்தாச்சு, மூணு பேருக்கு மருந்து மிச்சம் இருக்கு, உடனே வர முடியுமா?” அப்பாவுக்கு ஊசி கிடைத்தது அப்படித்தான்.

ஏன் மருந்து மிச்சமாகிறது என்று அந்தச் செவிலியரிடமே கேட்டேன். அங்கே போட்டது அஸ்ட்ராஜெனகா. ஒரு குப்பியில் பெரும்பாலும் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனை பேர் சாயங்காலம் போய் விசாரித்திருப்பார்கள்! எத்தனை டோஸ் வீணாகாமல் இருந்திருக்கும்!

இன்னொன்றும் அன்று புரிந்தது. ஃபைசர் ஊசி பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் கிடைக்கிறது, வசதியானவர்களுக்குத்தான் அது என்று பலர் கோபப்பட்டார்கள். அந்த ஊசியை நீண்ட நாள் வைத்திருக்க மைனஸ் 70 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். அஸ்ட்ராஜெனகாவுக்கு 2 முதல் 8 டிகிரி, அதாவது சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரே போதும். அதனால்தான் அது சிறிய மையங்களுக்கும் வந்தது. இதை யாராவது நான்கு வரியில் எழுதியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும். கோவிஷீல்டும் அஸ்ட்ராஜெனகாவும் ஒரே தடுப்பூசி என்று தெரியாமல், ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றதற்காகக் காத்திருந்தவர்களும் உண்டு.

இரண்டாம் டோஸில் குழப்பம் இன்னும் அதிகம். ஃபைசருக்கு முதலில் சொன்ன இடைவெளி மூன்று வாரம், மாடர்னாவுக்கு நான்கு, அஸ்ட்ராஜெனகாவுக்கு 8 முதல் 12 வாரம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஜான்சன் ஊசி அப்போது ஒரே டோஸ். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் போட்டுக்கொண்டாரே, நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்று அப்பா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர். ஊசி போடலாமா என்று இரண்டு இடங்களில் கேட்டோம், இரண்டு பதில் வந்தது. கடைசியில் அந்தச் செவிலியர்தான் மெல்லிய ஊசியாக எடுத்துப் போட்டார். பஞ்சைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு 15 நிமிடம் உட்காரவைத்து அனுப்பினார். முன்பு எதற்காவது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் 30 நிமிடம் இருக்கவேண்டும் என்றும் சொன்னார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். உண்மையில் முதலில் போட்டுக்கொள்ளவேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால் உங்கள் பக்கத்தில் தினமும் ஒரு மூலை ஒதுக்குங்கள். பகுதி வாரியாக எந்த மையம், எந்த ஊசி, முதல் டோஸா இரண்டாவதா, எந்த வயதினருக்கு, முன்பதிவு வேண்டுமா நேரில் போகலாமா என்று போடுங்கள். அந்தத் தகவலை எந்தத் தேதியில் எத்தனை மணிக்குச் சரிபார்த்தீர்கள் என்பதையும் மறக்காமல் போடுங்கள். செயலியில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், ஓ.டி.பி. என்றால் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் வீட்டிலும் நாளிதழ் வாங்குகிறார்கள், வாங்காவிட்டால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எங்கள் தெருவில் அதை வாசித்துச் சொல்லும் வேலையை நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி