அம்மாவுக்காக ஓடித்திரிந்தவர்களுக்கு

வெள்ளவத்தை ஒழுங்கை உறவுகளுக்கும், விடாமல் போன் எடுத்துக் கேட்ட எல்லோருக்கும்,

பாம்பு கடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை நேற்றுத் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கால் வீக்கம் முழுதாக வற்றவில்லை, கடிபட்ட இடம் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. சிறுநீரகத்துக்குப் பழுதில்லை என்பதே பெரிய நிம்மதி. நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். அந்த வாட்டில் இரவு வேலை பார்த்த சிற்றூழியர். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு என்று கேட்காதேங்கோ, அவருக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது.

அம்மாவைக் கடித்தது குனகட்டுவா என்ற சின்ன விரியன் பாம்பு. அதன் கடிக்கு இங்கே மாற்று மருந்து இல்லை. இந்தியாவிலிருந்து வரும் ஊசிமருந்து நாகம், முத்திரைப் புடையன், எட்டடி விரியன் மாதிரியானவற்றுக்குத்தான். இதற்கு அதை ஏற்றினால் பலன் இல்லாததோடு ஒவ்வாமையும் வரலாம். ஆகவே நோயாளியை விடாமல் கவனிப்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். கொஞ்ச ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு சரித்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் நல்லது. ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை காட்டுகிறது என்று அர்த்தம்.

எங்களை உள்ளே விடமாட்டார்கள். நானும் தம்பியும் வெளிவாங்கில் இருந்தோம். முதல் தடவை கதவைத் திறந்துகொண்டு அவர் வந்தபோது ஏதோ பத்திரம் கேட்கத்தான் வருகிறார் என்று எழும்பினேன். "அம்மா ரத்தம் இன்னும் தண்ணி. டொக்டர் பக்கத்தில இருக்கு" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல செய்தியை யாரும் ஓடிவந்து சொல்வார்கள். அவர் கெட்டதையும் கொண்டுவந்தார், மறைக்காமல், ஒரு பொய் ஆறுதலும் சேர்க்காமல். அதனால்தான் விடியப்புறமாக வந்து, "கட்டி, கட்டி! நல்லம்" என்று கையைப் பொத்திக் காட்டியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவருக்கு எங்கள் பாஷை அரைகுறை, எங்களுக்கு அவருடையது அதைவிட மோசம். அது அவருடைய வேலையும் இல்லை. யாருக்கும் தெரியாமல் இரவிரவாக இப்படி எத்தனை வாங்குகளுக்கு நடந்திருப்பாரோ.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், குறை நினைக்கவேண்டாம். காலில் கயிறு கட்டப் போனவரைத் தடுத்த மேல்மாடி அக்காவுக்கு, பொல்லோடு நின்றவர்களை விலக்கிவிட்டு, பெயின்ற் வாளியால் மூடுமுன் பாம்பைப் போனில் படம் எடுத்த ஓட்டோக்காரத் தம்பிக்கு (அந்தப் படத்தைப் பார்த்துத்தான் டொக்டர் இன்ன பாம்பென்று உறுதிசெய்தார்), 1990 என்ற அவசர இலக்கத்து அம்புலன்ஸில் வந்த பிள்ளைகளுக்கு, டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறும் சொதியும் தந்தவர்களுக்கு.

வாய்க்கால் பக்கத்து மதிலோரம் குவிந்து கிடக்கும் சருகை இனி நான்தான் கூட்டுவேன், வாரம் தவறாமல். அந்தச் சருகோடு சருகாகக் கிடந்தால் ஒரு சாண் பாம்பு யார் கண்ணுக்கும் படாது. இனி இங்கே யாருக்குக் கடித்தாலும், எந்தச் சாமத்திலும் என் கதவைத் தட்டுங்கள். ஆஸ்பத்திரி வாங்கில் கூட இருக்க வருவேன்.

துண்டு வெட்டி வெளிக்கிடும்போது அந்த மனுசன் அம்மாவின் காலைப் பார்த்து, "மூடின சப்பாத்து போடவேணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா தலையாட்டினா. வீட்டுக்கு வந்ததும், சாமிக்குப் பூ ஆயப் போகையில் காலில் சப்பாத்தா என்று தொடங்கிவிட்டா. வாங்கி வந்த சோடி இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. செவ்வரத்தம்பூவை இப்போதைக்கு நான் ஆய்கிறேன்.