பந்தின் படத்தையாவது மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் கனடிய விளையாட்டு வீரர் லயனல் கொனாக்கரைப் பற்றி எழுதியிருந்தீர்கள், நன்றி. "இளமையில் சில காலம் உதைபந்தும் ஆடினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பக்கத்தில் உருண்டைப் பந்தின் படம் வேறு. ரொறன்ரோவில் அச்சாகும் பத்திரிகை! இங்குள்ள ஃபுட்போல், முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பது தாங்கள் அறியாததா?

நானும் ஒரு காலத்தில் அறியாதவன்தான். பேரனின் பள்ளி ஆட்டத்தை உதைபந்து என்று நம்பி, ஒக்டோபர் குளிரில் போய்க் குந்தியிருந்து, "கோல் கீப்பர் எங்கே?" என்று கேட்டு அவன் மானத்தை வாங்கினேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு நூலகத்தில் காசு கேட்பதில்லை.

"சில காலம்" என்கிறீர்கள். 1921இல் கனடிய ஃபுட்போலின் கிரே கிண்ணத்துக்காக மேற்குக் கனடாவிலிருந்து முதன்முதலாக ஓர் அணி வந்தது. அந்த எட்மன்டன் அணியை நம் ரொறன்ரோ அணியான ஆர்கோநட்ஸ் 23-0 என்று வென்றபோது 15 புள்ளிகள் இந்த மனிதருடையவை. ஆட்டம் முடியும்வரைகூட நிற்காமல் ஐஸ் ஹொக்கி ஆடப் போய்விட்டார். நீங்கள் பக்கம் பக்கமாகப் புகழும் அந்த ஹொக்கிக்கு, அவர் சறுக்கக் கற்றதே 16 வயதில்தான். பத்துப் பிள்ளைகள் வளர்ந்த ஏழை வீடு. காசு வந்தது ஹொக்கியில். மனம் இருந்தது ஃபுட்போலில்.

"மாரடைப்பால் காலமானார்" என்பதும் சரி. 1954இல் ஒட்டாவாவில், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், பத்திரிகையாளர்களுக்கு எதிரான, பேஸ்போல் போன்ற சொஃப்ட்போல் ஆட்டத்தில் ஓடி மூன்றாம் தளத்தை அடைந்து விழுந்தார். தங்கள் தொழில்காரரோடு ஆடியபோது போன உயிர் ஐயா. அதையாவது எழுதியிருக்கலாம்.

படம் மாறுவது உங்களிடம் புதிதல்ல. என் மைத்துனரின் ஆண்டு நினைவு விளம்பரத்தில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்க மூலையில் எறும்பளவு எழுத்தில் "வருந்துகிறோம்" என்றீர்கள். பஸ் தரிப்பிடத்துப் பனியைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இரண்டு வரியாக வந்தது. போகட்டும்.

அடுத்த இதழில் சரியான பந்தின் படத்தைப் போடுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும்.

இங்ஙனம்,
சந்தா தவறாத வாசகன்,
ஸ்காபரோ