பெரணிகள் எல்லாம் ஒரே வயதினவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக்காடுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் பெரணிகளை ‘டைனோசர் காலத்துச் செடிகள்’ என்ற ஒரே அடைமொழிக்குள் அடக்கிவிடும் வழக்கம் நாளிதழ்களில் ஊறிப்போயிருக்கிறது. அது பாதி உண்மைதான்.

பெரணிக் குலம் 35 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. தென் ஸ்வீடனின் எரிமலைப் படிவுகளில் கிடைத்து, 2014-இல் விவரிக்கப்பட்ட ஓஸ்முண்டா என்னும் பெரணிக் குடும்பத்துத் தண்டுப் புதைபடிவம் ஒன்று ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகள் பழமையானது. அதன் செல்களில் உட்கருக்களும் குரோமோசோம்களும்கூடக் கல்லாகி நிலைத்திருந்தன. உட்கருவின் அளவு இன்றைய உறவுச் செடிகளோடு ஒத்துப்போகிறது. இந்தக் குடும்பத்துக்கு அந்த அடைமொழி தகும். ஆனால் இன்றுள்ள பெரணி இனங்களில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் பெருகிக் காட்டை நிழலாக்கிய பிறகு, அந்த நிழலிலும் கிளைகளிலும் இடம்பிடித்துப் பல்கியவை. குலம் பழையது, இனங்கள் புதியவை.

மலைச்சரிவில் குடைவிரித்து நிற்கும் மரப்பெரணியின் அடிமரமும் நாம் நினைக்கும் மரமன்று. ஒல்லியான தண்டைச் சுற்றி மேலிருந்து கீழிறங்கும் வேர்கள் பின்னிப் பருத்ததே பல இனங்களில் அந்தக் கனம்.

உண்மையான விந்தை இலையின் அடியில் இருக்கிறது. வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகளைப் பலர் நோய் என்றே எண்ணிக் கிள்ளி எறிகிறார்கள். அவை வித்துப்பைகளின் கொத்துகள். விதையில்லாத பெரணி, தூள் போன்ற இந்த வித்துகளால் (ஸ்போர்களால்) பரவுகிறது. பையின் விளிம்பில் உள்ள செல் வளையம் உலர உலரப் பின்னோக்கி வளைந்து, இழுவிசை தாங்காத கணத்தில் வெடுக்கென்று திரும்பி, வித்துகளைக் கவண் போல வீசுகிறது. ஈரத்தில் விழுந்த வித்திலிருந்து நேரே பெரணி முளைப்பதில்லை. விரல்நகத்தினும் சிறிய, பெரும்பாலும் இதய வடிவிலான ஒரு பச்சைத் தகடு உருவாகிறது. பாடநூல்கள் இதை முன்உடலம் என்கின்றன. அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் ஆண் செல் நீந்திச் சென்று முட்டையைச் சேரும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், பாறைக் குடைவுகளின் நிழலில், ஒரு பெரணி இந்தத் தகட்டு நிலையிலேயே தங்கிவிட்டது. முழு வளர்ச்சி பெற்ற இலைச்செடியாக அது காணப்படுவதேயில்லை. உடலின் நுண்துண்டுகள் உதிர்ந்தே அது பெருகுகிறது.

எத்தனை கோடி ஆண்டுகள் கடந்த குலமாயினும், நிழலும் கசிவும் போன பாறையில் அதன் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை. பெரிய இலைகளை மட்டும் படமெடுத்துப் பழமையைப் புகழ்வதில் எனக்குள்ள குறை இதுவே. அடுத்த முறை மலைப்பெரணிகளைப் பற்றி வெளியிடும்போது, ஈரப்பாறையில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு பச்சைத் தகட்டின் படத்துக்கும் ஓரிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்