ஐஸ் அவுஸ் ஸ்டாப்பில் இறங்கி

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேரன் தவழ்வதை விட்டு நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். இங்கே நான் நடப்பதை விட்டுத் தவழாமல் இருந்தால் போதும், முழங்கால் அப்படி. டாக்டர் விரட்டுவதால் தினமும் மெரினாவுக்குப் போய்வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கால் கடுக்க, விவேகானந்தர் இல்லத்துக்குள் நுழைந்தேன். இத்தனை வருஷம் திருவல்லிக்கேணியில் இருந்தும் உள்ளே போனது இதுதான் முதல் தடவை!

1842-இல் அமெரிக்க வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் கட்டிய ஐஸ் கிடங்கு அது, அதனால்தான் ஐஸ் அவுஸ். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவருவார்களாம். வெள்ளைக்காரர் பானத்தில் மிதக்க! துறைமுகம் இல்லாத காலம் என்பதால் கப்பல் ஆழக்கடலில் நிற்கும். அலையைத் தாங்கும் மசூலாப் படகில்தான் பனி கரைக்கு வரும். கடலும் அன்று கட்டடத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. துறைமுகம் கட்டிய பிறகுதானே மணல் சேர்ந்து கடற்கரை இவ்வளவு அகலமானது! கல்கத்தாவிலும் பம்பாயிலும் டியூடர் கட்டிய கிடங்குகள் இன்றில்லை.

இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றதும் வியாபாரம் படுத்துவிட்டது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். பனிக்காக மூடி வைத்த சுவரை மனுஷருக்காக உடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான். சென்னை ராமகிருஷ்ண மடமும் 1906 வரை அங்கேயே இருந்தது. பிறகு ஏலம், கைமாற்றம். 1917-இல் அரசு எடுத்துக்கொண்டது.

எனக்கு மனசில் நின்றது அதற்கடுத்த காலம். சிஸ்டர் சுப்புலட்சுமி பால்ய விதவைகளை அங்கே வைத்துப் படிக்கவைத்தார். மூலையில் முடங்கச் சொன்ன பெண்கள் டீச்சராகி வெளியே வந்தார்கள். இப்போதைய கண்காட்சியில் இந்தக் கதைக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியது, 1997-இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குப் போனது. ஆனாலும் ஷேர் ஆட்டோக்காரருக்கு இன்றும் அது ஐஸ் அவுஸ்தான்.

இடையில் அது ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதியாகவும் இருந்ததாம். உன் பெரியம்மா பீச் எதிரே ஹாஸ்டலில் தங்கிப் படித்ததாகச் சொல்வாயே, அது இதுதானா? அந்த வட்டமான அறைகளில் காற்று வந்ததா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
ராகவன்