ஊசி போட்டவர்களுக்கும் பெயரைச் சரியாக ஏற்றியவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் கொரோனா ஆண்டுகளைக் கழித்த வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர்கள், விடுப்பில் ஊருக்கு வந்து விமானம் இல்லாமல் நின்றுபோன வளைகுடா, சிங்கப்பூர், மலேசியத் தொழிலாளர்கள், அவர்களுக்காகத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த குடும்பத்தார் எல்லாருடைய சார்பிலும் இந்த மடலை எழுதுகிறோம்.

மருத்துவர்களுக்கு ஊரே கைதட்டியது, அது தகும். எங்கள் நன்றி முதலில் அந்தக் கைதட்டல் போய்ச் சேராத இடங்களுக்கு. குளிர்பெட்டி தூக்கி வந்தவர், கணினி முன் உட்கார்ந்தவர், வரிசையில் எங்கள் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுக்கு வழி இருக்கு, இருங்க" என்று சொன்னவர். வெளிநாட்டில் பிழைப்பவருக்கு ஊசி தோளில் ஏறினால் மட்டும் போதாது, தாளிலும் பிழையில்லாமல் ஏற வேண்டும்.

2020 மார்ச் 23 அன்று பன்னாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான சேவை மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27இல். நடுவில் இருந்தவை, மாட்டிக்கொண்டவர்களை ஊர் சேர்க்க அரசு விட்ட வந்தே பாரத் விமானங்களும், நாட்டுக்கு நாடு பேசி வைத்துக்கொண்ட தற்காலிக ஏற்பாடுகளும்தான். மாட்டிக்கொண்ட வெளிநாட்டவரின் விசாவை மத்திய அரசு கட்டம் கட்டமாக நீட்டி 2021 செப்டம்பர் 30 வரை கொண்டுவந்தது. அந்த ஆணையை ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கிச் சொன்ன குடியேற்றப் பிரிவு ஊழியர்களுக்கு முதல் வணக்கம்.

நாட்டில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. ஏப்ரலில் 45 வயதைத் தாண்டியவர்கள், மே மாதம் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று கதவு திறந்துகொண்டே வந்தது. ஆனால் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை அடையாளமாகக் காட்டி, தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் தளத்தில் பதியலாம் என்று சுகாதார அமைச்சகம் அறிவித்தது ஆகஸ்ட் 9ஆம் தேதிதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது ஊருக்குத் தெரியும். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் ஆபத்தானவை. ஆதார் குடியுரிமைச் சான்று அன்று, வசிப்புக்கான சான்று, பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே இருந்தவர் வாங்கியிருக்கலாம் என்ற விதியை அறிந்திருந்த பதிவு ஊழியர்கள் "ஆதார் இருக்கா, கொண்டாங்க" என்று கேட்டு அவர்களை உட்கார வைத்தார்கள். விதியைப் படித்து வைத்திருந்தவர் மேசைக்குப் பின்னால் இருந்தால் ஒரு மூத்தவருக்கு ஊசி நான்கு மாதம் முன்னதாகக் கிடைத்தது.

அடுத்த தடை ஓடிபி. தளம் கேட்டது பத்து இலக்க இந்திய எண். துபாய் சிம்முக்கோ பாரிஸ் எண்ணுக்கோ அது வராது. இரண்டு வருஷம் ரீசார்ஜ் செய்யாத இந்திய எண் வேறு யாருக்கோ போயிருக்கும். ஒரு எண்ணில் நான்கு பேர் பதியலாம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்தார்கள். சான்றிதழ் இறக்கும்போதும் திருத்தும்போதும் அதே எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். ரியாத்தில் இருப்பவர் நடுராத்திரி கூப்பிட்டாலும் எடுத்து ஆறு இலக்கத்தைப் படித்துச் சொன்ன அக்கம்பக்கத்தாருக்குக் கோடி நன்றி.

இனி செவிலியர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள். கோவிஷீல்டு குப்பி 5 மில்லி, ஆளுக்கு 0.5 மில்லி வீதம் பத்துப் பேருக்கு. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், மீந்ததைக் கொட்டத்தான் வேண்டும். மாலை நான்கு மணிக்கு ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் குப்பியைத் திறப்பதா, நாளை வரச் சொல்வதா? மறுநாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் அந்த ஆறு பேரில் இருப்பார்கள். ஆஷா பணியாளர்கள் தெருவில் இறங்கி மீதி நாலு பேரைத் தேடிப் பிடித்து வந்ததால்தான் பல குப்பிகள் வீணாகாமல் போயின. குப்பியைத் திறக்காமல் காத்திருந்ததை வரிசையில் நின்றவர்கள் சோம்பல் என்று திட்டியதும் உண்டு. காரணம் தெரியாத திட்டு அது.

குளிர் விஷயமும் அப்படித்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினால் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கும் பதம் வந்த பிறகே நாலு பக்கமும் நாலு பேக்கை அடுக்கி, நடுவில் குப்பிகளை வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாகூர்ப் பக்கம் முகாம் போட்டாலும், தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12இல் தொடங்கிய மெகா முகாம்களில் கடலூர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்த முறை மாறவில்லை. கேரியர் மூடியை அடிக்கடி திறக்காமல் காத்த அந்தக் கைகளுக்கு நன்றி. "பஸ்ஸு போயிடும்" என்று எழுந்தவர்களை அதட்டி அரை மணி நேரம் உட்கார வைத்ததற்கும் நன்றி. கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான அட்ரினலின் அவர்கள் மேசையில்தான் இருந்தது.

எங்களுக்கு நிஜமான தலைவலி பெயர்தான். ஆதாரில் 'குமார் எஸ்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே ஆள் பெயர் குமார், குடும்பப்பெயர் செல்வராஜ். நமக்கு அது அப்பா பெயரின் முதலெழுத்து. விமான நிலையத்துக் கவுன்ட்டருக்கு அது வேறொரு மனிதர். பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று: ராஜு என்ற பெயரில் ஜே எழுத்துக்கு முன்னால் ஒரு டி நிற்கும், கடைசி உகரத்துக்கு ஓவும் யூவும் சேர்ந்து வரும். ஆதாரில் அதே பெயர் ஆங்கில வழக்கில் இருக்கும். சான்றிதழில் எது ஏறியது என்பதைப் பொறுத்துப் பயணம்.

இதைச் சரிசெய்யக் கோவின் தளத்தில் 'ரெய்ஸ் ஆன் இஷ்யூ' என்ற பகுதி இருந்தது. பெயர் திருத்த ஒரே ஒரு வாய்ப்பு. பாஸ்போர்ட் எண் சேர்க்கும் வசதி 2021 ஜூனில் வந்தது. பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து திருத்த வேண்டும், எண்ணையும் பிழையில்லாமல் சேர்க்க வேண்டும். அவசரத்தில் பெயர் திருத்தத்தில் ஓர் எழுத்தை விட்டவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்தையும் ஓவையும் மாற்றித் தட்டியவர்களும் உண்டு. பிரவுசிங் சென்டர் தம்பிகள், தங்கைகள் பலர் 'சப்மிட்' அழுத்தும் முன் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். அது பெரிய காரியம். வயது மட்டும் இருந்த சான்றிதழை ஏற்காத நாடுகளுக்காக முழுப் பிறந்த தேதியுடன் பன்னாட்டுப் படிவம் செப்டம்பர் கடைசியில் வந்ததும், பழையதை வைத்திருந்தவர்களைத் தேடிக் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

முதல் டோஸ் ஆதாரில், இரண்டாம் டோஸ் பாஸ்போர்ட்டில் என்று பதிந்துவிட்டால் கணினிக்கு இருவர் ஆகிவிடுவார்கள். கையில் இரண்டு 'முதல் டோஸ்' சான்றிதழ். "மொத டோஸ் ரெஃபரன்ஸ் நம்பர் சொல்லுங்க" என்று கேட்ட ஊழியர் அந்தக் குழப்பத்தைத் தொடக்கத்திலேயே தடுத்தார். 14 இலக்க எண் அது. அதன் கடைசி நான்கு இலக்கம்தான் ரகசியக் குறியீடு. கேட்காத இடங்களில் இரண்டையும் இணைக்க விண்ணப்பித்துக் காத்திருக்க நேர்ந்தது.

இடைவெளி மாற்றம் வந்தபோது பலருக்கு நெஞ்சு பதறியது. 2021 மே 13இல் கோவிஷீல்டு இடைவெளி 12 முதல் 16 வாரம் என்றானது. விசா காலாவதி 84 நாளுக்கு நிற்குமா? ஜூன் 7ஆம் தேதி, படிப்புக்கும் வேலைக்கும் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போகிறவர்கள் 28 நாளுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம், ஆகஸ்ட் 31க்குள் பயணம் இருக்க வேண்டும் என்று வழிமுறை வந்தது. மாவட்டத்துக்கு ஓர் அதிகாரி தாள்களைப் பார்த்து அனுமதிக்க வேண்டும்: விசா, வேலைக்கடிதம் அல்லது கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், முதல் டோஸ் சான்றிதழ், பாஸ்போர்ட். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று வளைகுடாவை நம்பி வாழும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு என்பதை உணர்ந்து, ஞாயிற்றுக்கிழமையும் தாள் பார்த்த அலுவலர்களை மறக்க மாட்டோம்.

எந்தத் தடுப்பூசி என்பதிலும் சிலர் எங்களுக்கு முன்யோசனை தந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் கோவிஷீல்டைப் பட்டியலில் சேர்த்தது 2021 பிப்ரவரி 15. கோவேக்சினைச் சேர்த்தது நவம்பர் 3. உடம்புக்கு இரண்டும் காப்புதான். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் பல நாட்டு எல்லைகளில் கோவேக்சின் செல்லவில்லை. குப்பியைத் திறக்கும் முன் "வெளிநாடு போறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்ட செவிலியருக்கு அந்த ஒரு கேள்விக்காகவே நன்றி சொல்லலாம். கோவேக்சின் போட்டதை மறைத்து வேறு எண்ணில் மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சியவர்களுக்கு முடியாது என்று சொன்னவர்களுக்கும் நன்றி. அன்று கசப்பாக இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது சரி.

ஆய்வக நுட்பர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அந்த நாட்களில் துபாய்ப் பயணத்துக்கு 48 மணி நேர ஆர்டிபிசிஆர் (கொரோனா ஆய்வகச் சோதனை) என்றால் கணக்கு மாதிரி எடுத்த நேரத்திலிருந்து. முடிவு வந்த நேரத்திலிருந்து இல்லை. அறிக்கையில் தேதி மட்டும் போட்டால் போதாது, மணியும் வேண்டும், கியூஆர் குறியும் வேண்டும். அதோடு விமானத்துக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் நிலையத்திலேயே ரேபிட் சோதனை. வெள்ளி இரவு பத்து மணி விமானமா? புதன் இரவு பத்துக்கு முன் மாதிரி கொடுத்தால் செல்லாது. வியாழன் காலை கொடுத்து, இரவுக்குள் அறிக்கை வாங்கி, வெள்ளி நண்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் நாலு மணிக்குச் சென்னை விமான நிலையம். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்து "வியாழக்கிழமை வெறும் வயித்துல வரணும்னு இல்ல, டைமுக்கு வந்தா போதும்" என்று சிரித்த நுட்பர்கள் பலர். ஊரடங்கு நாட்களில் புதுச்சேரி, கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடைச் சாவடியில் இந்தப் பக்க விதியையும் அந்தப் பக்க விதியையும் ஒன்றாக நினைவில் வைத்து, இ-பாஸையும் விமானச் சீட்டையும் பார்த்து வழிவிட்ட காவலர்களுக்கும் வணக்கம்.

கடல் தாண்டிய நன்றியும் உண்டு. அமீரகமும் சவூதியும் தங்கள் நாட்டில் வசித்த எங்களவர்களுக்குக் காசு வாங்காமல் ஊசி போட்டன. சிங்கப்பூரில் 2020இல் தொற்று அதிகம் பரவியது தொழிலாளர் விடுதிகளில்தான். அங்கே தமிழில் விளக்கிச் சொல்லவும் மருத்துவருக்கு மொழிபெயர்க்கவும் முன்வந்தவர்கள் வீட்டு நினைப்பில் கலங்கிய எத்தனையோ பேரைத் தேற்றினார்கள். வெளிநாட்டில் ஒரு டோஸ் போட்டு இங்கே வந்து நின்றவர்களின் கணக்கை ஏற்றக் கோவினில் அப்போது வழியில்லை, கலந்து போடவும் அனுமதியில்லை. அதை மழுப்பாமல் சொன்னவர்களால் வீண் அலைச்சல் குறைந்தது.

ஊருக்கு வர முடியாத பிள்ளைகளின் பெற்றோரை அடக்கம் செய்த தன்னார்வலர்களே, செல்பேசியை உயர்த்திப் பிடித்து அவர்களுக்குக் காட்டியவர்களே, உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது, இருந்தாலும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள், உதவியவர்கள் எல்லாருக்கும். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் நாங்கள் அனுப்பிய பாஸ்போர்ட், ஆதார், விசாப் படங்கள் பலருடைய செல்பேசியிலும் கடைக் கணினியிலும் இன்னும் கிடக்கும். செல்பேசியில் கேலரியிலும் வாட்ஸ்அப் கோப்புறையிலும் தனித்தனியாகப் பார்த்து நீக்குங்கள். கணினியில் டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின் இரண்டையும் காலி செய்யுங்கள். ஜெராக்ஸ் பிரதிகள் இருந்தால் கிழித்துவிடுங்கள். தடுப்பூசிச் சான்றிதழை மட்டும் உரியவருக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு நீக்குங்கள். எண் உங்களுடையது என்பதால் அவர்களிடம் அது இல்லாமலே இருக்கலாம்.

நன்றியுடன்,
புதுச்சேரி, கடலூர் வட்டார வெளிநாடு வாழ் குடும்பத்தினர்