ஒரே தோட்டத்தில் எத்தனை சங்கக்காரர்? நம் கதை விளையாட்டின் அட்மின்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின் அண்ணாமார், அக்காமாருக்கும், நம்மோடு சேர்ந்து கதை எழுதும் எல்லாருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். 1939ஆம் ஆண்டு, கற்பனையான ஒரு தேயிலைத் தோட்டம், அதன் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்கிற சனங்கள் – ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து எழுதுகிற இந்த ரோல்பிளேயை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நம் தாத்தா பாட்டி வாழ்ந்த வாழ்க்கைக்குள் நாமே தமிழில் நடமாடக் கிடைத்த இடம் இது. அது கெட்டுவிடக்கூடாது என்ற கவலையில்தான் எல்லார் முன்னாலும் பேசுகிறேன்.

கடைசியாக எழுதிய பெரட்டுக் காட்சியை, அதாவது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற காட்சியை, திரும்ப வாசித்துப் பாருங்கள். ஆட்களை மேற்பார்க்கிற கங்காணி ஒரு கிழவிக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி) போடுகிறார். உடனே நான்கு இளைஞர்கள் அடுத்தடுத்து முன்னால் வந்து நியாயம் கேட்கிறார்கள். நால்வருக்கும் தாய் தகப்பன் இல்லை. நால்வரும் டவுனில் படித்தவர்கள், இரகசியமாகத் தொழிற்சங்கம் கட்டுகிறவர்கள். முதல் ஆள் பேசியதையே மற்ற மூவரும் வேறு வார்த்தைகளில் பேசினார்கள். கிழவியை எழுதுகிற அக்காவுக்கு ஒரு வரி எழுதவும் இடம் கிடைக்கவில்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி கோவிந்தனின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அப்படி ஒருவனாக நின்று பார்க்க ஆசை வருவது இயல்பு. ஆனால் நம் விளையாட்டில் பகடை இல்லை, புள்ளி இல்லை. பங்கு போட்டுக்கொள்ள இருப்பது ஒன்றுதான்: கதை நம் பக்கம் திரும்புகிற நேரம். ஒரே வேலையை நான்கு பாத்திரங்கள் செய்யும்போது, வேகமாக எழுதுகிறவருக்கு அது கிடைக்கிறது. வேலை முடிந்து இரவில் வருகிறவர் மெல்ல மெல்ல விலகிப் போகிறார்.

இதற்காக "ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்" என்று சட்டம் போட வேண்டாம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்தான் அதிகம். கதையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். மோதுவது தொழில் அல்ல, கதையில் அந்த ஆள் செய்கிற காரியம். கொழுந்து நிறுவையில் இறாத்தல் (எடை) வெட்டிப் பிழைக்கிற கணக்கப்பிள்ளையும், அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் பயப்படுகிற கணக்கப்பிள்ளையும் ஒரே தராசடியில் நிற்கலாம். அங்கே கதை பிறக்கும்.

நம் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தைப் பாருங்கள். தூதன் வருகிறான், வீரபத்திரன் வருகிறான், எமன் வருகிறான். ஒவ்வொருவர் வரவிலும் கதை ஒரு அடி நகர்கிறது.

சங்கக்காரரிலேயே எத்தனை வகை! 1930களில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் மேடையில் பேசினார், பத்திரிகையில் எழுதினார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாலேயே ஆட்களைச் சேர்த்தார். நம் நால்வரில் ஒருவர் பெட்டிஷன் எழுதட்டும், ஒருவர் பாடட்டும், ஒருவர் இரவில் நோட்டீஸ் கடத்தட்டும். நாலாவது ஆள் கங்காணியிடம் பட்ட கடனுக்காகக் காட்டிக்கொடுக்கிறவராக மாறினால், அதை முதலில் வாசிக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். (இங்கே ஒன்று: பல பாத்திரங்களின் முன்கதையில் ஒரேமாதிரி துண்டு முறை (கடனை எழுதிய துண்டோடு ஆளை வேறு தோட்டத்துக்கு மாற்றுவது) வருகிறது. அது 1921இலேயே ஒழிந்தது. கடன் ஒழியவில்லை என்பது வேறு விசயம்.)

இன்னும் யாரும் எடுக்காத ஆட்கள் எத்தனை பேர்! விடியலில் தப்பு மேளம் அடித்து லயத்தை எழுப்புகிறவர், பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில்) இருக்கிற ஆயா, எல்லார் கடிதத்தையும் சுமக்கிற தப்பால்காரர், மருந்துத் தட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டுகிற டிஸ்பென்சர், துரை பங்களாவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கும் சமையல் அப்பு.

அட்மின்மாரிடம் நான் கேட்பது இதுதான். பாத்திரத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் பேர், வயசு, முன்கதையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இவர் இல்லாவிட்டால் தோட்டத்தில் எது நடக்காது? அந்தப் பதிலை எல்லாரும் பார்க்கிற பட்டியலில் போடுங்கள். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்து, ஒத்த பாத்திரம் வைத்திருப்பவரிடம் முதலில் பேசட்டும். இருவரையும் அண்ணன் தம்பியாகவோ பகையாளியாகவோ கட்டிவிடலாம். மாதக்கணக்கில் எழுதாதவரின் பாத்திரத்தைக் கண்டிக்கு வேலைக்குப் போனதாக அனுப்பிவிட்டு, அந்த இடத்தைத் திறந்துவிடுங்கள். அவர் திரும்பி வந்தால் ரயிலில் வந்து இறங்கட்டும்.

"இது ஏற்கனவே இருக்கு" என்று ஒற்றை வரியில் மட்டும் யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். இரவிரவாக யோசித்து ஆசையோடு கொண்டுவந்த பாத்திரம் அது. அதில் அவருக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், அதை மட்டும் காப்பாற்றி மற்றதை மாற்றிவிடலாம்.

இப்போது பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி அனுமதிக்குக் காத்திருக்கிறா. அவவுடைய பாத்திரமும் ஒரு சங்கக்காரிதான். பதில் போடுவதற்கு முன் அவவோடு ஒருமுறை பேசுங்கள். என் பாத்திரத்தோடு உரசினால் நான் தப்பு அடிக்கிறவராக மாறத் தயார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்